அப்பாவின் குளிசை

அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒரு குளிசையின் பெயருக்குக் குறுக்கே கோடு விழுந்த அன்று, வீடு வந்து சேரும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வழிநெடுகக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். படலையைத் திறக்கும்போதுதான் வாய் திறந்தது.

“ஒன்றை வெட்டிப்போட்டார்கள்.”

வன்னியில் வெட்டு என்ற சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. முகாமில் இருந்தபோது நிவாரணத்தில் வெட்டு. மீள்குடியேறிய பிறகு வீட்டுத்திட்டப் பட்டியலில் வெட்டு. பிறகு சமுர்த்தி உதவிப் பணத்தில் வெட்டு, இப்போது அதற்குப் பதிலாக வந்த அஸ்வெசுமவில் வெட்டு. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து செருப்புத் தேய்ந்த கதை இல்லாத வளவு எங்கள் ஊரில் இல்லை. அப்படியான ஊரில் ஓர் இளம் டொக்டர் மிகவும் அன்பாக, “அம்மா, இந்தக் குளிசை உங்களுக்கு இனித் தேவையில்லை” என்று சொன்னால், இன்னுமொரு பட்டியலில் பெயர் போய்விட்டது என்றுதான் காதில் விழும்.

வெட்டப்பட்டது அஸ்பிரின். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. பதினைந்து வருடமாகப் போட்டு வந்தது.

என்னுடைய சங்கடம் வேறு. நான் மருந்தாளர். அரச வைத்தியசாலை ஒன்றில் கம்பிக்குப் பின்னால் நின்று, நீட்டப்படும் துண்டுகளுக்கு மருந்து எண்ணிக் கொடுப்பவன். அந்த டொக்டர் செய்தது சரி என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் பக்கத்தில் நின்று டொக்டரோடு வாதாடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. டொக்டரின் பக்கத்தில் நின்று அம்மாவோடு வாதாடுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் அதில் எதுவும் திண்ணையில் செல்லுபடியாகவில்லை.

2018 அஸ்பிரினுக்குக் கெட்ட வருடம். ஒரே வருடத்தில் மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. அவற்றில் இரண்டு அம்மாவைப் போன்றவர்களைப் பற்றியவை. ஒன்று பிரித்தானியாவில் நடந்த ‘அசெண்ட்’. சீனி வருத்தம் உள்ள, ஆனால் இதய நோய் இல்லாத 15,480 பேரில் பாதிப் பேருக்கு அஸ்பிரினும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறுங்குளிசையும் கொடுத்து ஏழு வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை வெறுங்குளிசைக்காரர்களில் 9.6 வீதம்; அஸ்பிரின்காரர்களில் 8.5 வீதம். நல்லதுதான். ஆனால் பெரிய இரத்தக் கசிவு, வயிற்றிலோ மூளையிலோ கண்ணிலோ, 3.2 வீதத்திலிருந்து 4.1 வீதமாகக் கூடியிருந்தது. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் பதினொரு பேர் தப்புகிறார்கள், ஒன்பது பேருக்கு இரத்தம் கசிகிறது. மற்றது ‘அஸ்ப்ரீ’. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேர், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள். அங்கே நன்மைப் பக்கம் வெறுமையாக இருந்தது. அஸ்பிரின் போட்டவர்கள் மறதி நோயோ முடமோ இல்லாமல் கூடுதல் காலம் வாழவில்லை. இரத்தக் கசிவு மட்டும் 2.8 இலிருந்து 3.8 வீதமாக ஏறியது. 2023 இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் திருத்தி வெளியிட்ட, முதியவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளின் ‘பியர்ஸ்’ பட்டியல், மாரடைப்பு வராத முதியவர்களுக்கு அஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே போடுபவர்களுக்கு நிறுத்துவதைப் பற்றி யோசியுங்கள் என்கிறது.

அம்மாவுக்கு 72 வயது. சீனி, பிறஷர். மாரடைப்பு வந்ததில்லை. டொக்டர் யோசித்திருக்கிறார், நிறுத்தியிருக்கிறார்.

இதை அம்மாவுக்குச் சொல்லப் பயறு எடுத்தேன். சுளகில் பரப்பி, இது அஸ்பிரின் போட்ட கூட்டம், இது போடாத கூட்டம் என்று பிரித்து, இரத்தம் கசிந்தவர்களுக்குக் குன்றிமணி வைத்தேன். அம்மா பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எங்கே எண்ணினார்கள்?”

“அவுஸ்திரேலியாவில்.”

“சின்னம்மாவையும் எண்ணினார்களா?”

சின்னம்மா மெல்பேர்ணில் இருக்கிறார். நான் சிரித்துவிட்டேன், அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு அது உண்மையான கேள்வி. தங்கச்சியை எண்ணியிருந்தால் அந்தக் கணக்கில் தனக்கும் ஒரு பங்கு உண்டு. எண்ணாவிட்டால் அது யாரோ வெள்ளைக்காரர்களின் இரத்தம். பயறை மறுபடி டின்னில் கொட்டிவிட்டு எழுந்து போனார். குன்றிமணியைப் பொறுக்கி எடுக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

அம்மாவின் பிடிவாதத்துக்கு ஆய்வோடு பகையில்லை. அந்தக் குளிசை அப்பாவுடையது.

2005 இல், சமாதான காலத்தில், அப்பாவுக்கு வயலில் வைத்து நெஞ்சு நொந்தது. ஏ9 வீதி திறந்திருந்தபடியால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடிந்தது. மாரடைப்பு என்றார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு கொப்பியும், சாகும்வரை போட வேண்டும் என்ற கட்டளையோடு ஒரு வெள்ளைக் குளிசையும் இருந்தன. மாரடைப்பு வந்தவருக்கு அஸ்பிரின் கொடுப்பதில் இன்றுவரைக்கும் பெரிய தகராறு இல்லை. 1988 இல் வந்த ‘ஐசிஸ் 2’ என்ற ஆய்வு 17,187 பேரில் இதைக் காட்டியது. மாரடைப்போடு வந்தவர்களுக்கு உடனே அஸ்பிரின் தொடங்கி ஒரு மாதம் கொடுத்ததில், இதயத்தாலும் இரத்தக் குழாய்களாலும் வரும் மரணம் 23 வீதம் குறைந்தது. அடைப்பு ஒருமுறை வந்த குழாயைக் காப்பது வேறு, வராத குழாயில் வராமல் தடுப்பது வேறு. அப்பா முதல் வகை. அம்மா இரண்டாவது. ஒரே வெள்ளைக் குளிசை ஒருவருக்கு உயிர், மற்றவருக்கு ஐயம். வீட்டில் ஒரே அலுமாரித் தட்டில் இருந்த பொருளுக்கு இப்படி இரண்டு குணம் இருக்கும் என்பதை யார் நம்புவார்கள்?

2008 கடைசியில் யுத்தம் நெருங்க ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டோம். புதுக்குடியிருப்பு, பிறகு இரணைப்பாலை, பிறகு மாத்தளன். அம்மா ஒரு சொப்பின் பைக்குள் காணி உறுதி, அடையாள அட்டைகள், அப்பாவின் கிளினிக் கொப்பி, குளிசை ஆகியவற்றைச் சுற்றி மார்புக்குள் வைத்திருந்தார். உறுதி இன்றும் இருக்கிறது. கொப்பி நனைந்து, எழுத்துக் கரைந்து, பிறகு இல்லாமல் போனது. குளிசை மாத்தளனில் தீர்ந்தது. தீர்ந்து பன்னிரண்டாம் நாள் விடியப்புறம், தறப்பாளுக்குக் கீழே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் இருந்தபடியே சரிந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது.

அஸ்பிரின் இருந்திருந்தால் அப்பா தப்பியிருப்பார் என்று ஒரு மருந்தாளராக நான் சொல்ல முடியாது. தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, செல் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு மரணத்திலிருந்து ஒரு காரணத்தை மட்டும் பிரித்தெடுக்கும் கணிதம் எதுவும் கிடையாது. ஆனால் அம்மா பதினாறு வருடத்துக்கு முன்பே பிரித்தெடுத்துவிட்டார். “குளிசை இருந்திருந்தால் இருந்திருப்பார்.” ஒரேயொரு நோயாளி, ஒரேயொரு முடிவு, வாழ்நாள் முழுவதும் தொடரும் கண்காணிப்பு.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் கம்பிக்குள் இருந்த காலத்தில், நடமாடும் கிளினிக் ஒன்றில் அம்மாவின் பிறஷரை முதன்முதலாக அளந்தார்கள். 180. ஒரு பழைய கடதாசியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்திய அம்மாவின் உடம்பைப் பற்றி எழுத்தில் ஒரு வரி கிடையாது. ஊர் திரும்பிய பிறகு சீனியும் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது யாரோ ஒரு டொக்டர் அஸ்பிரினையும் சேர்த்து எழுதினார். அந்தக் காலத்து வழக்கம் அது, பிழை சொல்ல முடியாது. மருந்தகத்தில் பைக்கற்றைப் பிரித்துப் பார்த்த அம்மா, “இது அப்பாவின் குளிசையல்லவா” என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எங்களுக்குத் திரும்பிக் கிடைத்த முதல் பொருள் அதுதான் என்பதுபோல அதைக் கையில் வைத்திருந்தார்.

இதை எந்த ஆய்வில் எந்தக் கட்டத்தில் போடுவது?

ஐசிஸ் 2 ஐப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பிடித்த கதை என்பதால் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆய்வைப் பிரசுரிக்க இருந்த சஞ்சிகைக்காரர்கள், நோயாளிகளைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து யார் யாருக்கு மருந்து வேலை செய்தது என்று காட்டும்படி கேட்டார்கள். அப்படித் துண்டுபோட்டால் தற்செயலும் உண்மை மாதிரியே தெரியும் என்பது ஒக்ஸ்பேர்ட் ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு குறும்பு செய்தார்கள். நோயாளிகளை ராசிப்படி பிரித்துப் போட்டார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் பலனளிக்கவில்லை, சற்றுக் கெடுதல்கூடச் செய்தது என்று அட்டவணை சொன்னது. மற்ற ராசிக்காரர்களுக்கு அமோகப் பலன். மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

அம்மா துலா ராசி. நான் இதைச் சொன்னதும் முதல்முறையாக அவருடைய முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. 19,114 பேர் அசைக்காத மனம் ராசிக்கு அசைந்தது. (அவர்கள் பார்த்தது சூரியன் நின்ற ராசி, நாங்கள் பார்ப்பது சந்திரன் நின்ற ராசி. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.) கொஞ்ச நேரம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிடலாம், நல்ல முடிவுக்குப் பொய்க் காரணம் என்று. பிறகு வெட்கமாகிவிட்டது. அது பகிடி அம்மா, அவர்கள் வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிவிட்டேன். அவருடைய முகம் பழையபடி மூடிக்கொண்டது.

பிரித்தால் பொய் வருகிறது. பிரிக்காவிட்டால் எங்களைப் போன்றவர்கள் கூட்டத்துக்குள் காணாமல் போகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இடர்க் கணிப்பு என்ற வேலை நடக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சுகாதாரப் பரிசோதனைக்குப் போனால் ஒரு வர்ண அட்டையை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, பிறஷர் எவ்வளவு, சீனி உண்டா, கொலஸ்ரோல் எவ்வளவு. கோடுகள் சந்திக்கும் கட்டத்தில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு. அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை வீதம் என்பது அது. ஏற்கெனவே வந்தவர்களுக்கு அட்டை கிடையாது. அப்பாவுக்கு இது பொருந்தாது. இந்தக் கணக்கின் பாட்டன் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்ற ஊரில் 1948 இல் தொடங்கியது. 5,209 பேர், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட புதிய அட்டைகள் எவ்வளவோ பரவாயில்லை. 85 ஆய்வுகளிலிருந்து 3,76,177 பேரின் தரவைக் கொண்டு கணக்கை அமைத்து, உலகத்தை 21 பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நோய் வீதத்துக்கும் ஏற்ப அளவைத் திருத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பிராந்தியப் பட்டியலில் இலங்கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். தென்கிழக்காசியாவில், தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியாவோடு. இந்தியா தென்னாசியாவில். தலைமன்னாரில் ஒரு பெண், தனுஷ்கோடியில் ஒரு பெண், நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவு கடல். ஒரே வயது, ஒரே பிறஷர், ஒரே மீன் குழம்பு, வேறு வேறு அட்டை. நோய்த் தரவு நாடுவாரியாகத்தான் கிடைக்கிறது, எங்காவது கோடு போடத்தானே வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். கோடு போடப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கோட்டைப் பற்றி ஒரு கூச்சம் இருக்கும், அவ்வளவுதான்.

பிரித்தானியாவில் பயன்படும் ‘கியூரிஸ்க்’ கணிப்பு நோயாளியின் அஞ்சல் குறியீட்டையும் கேட்கிறது. வறிய இடமென்றால் இடர் கூடும். கடுமையான மனநோய் உண்டா என்றும் கேட்கிறது. வாசித்தபோது, எங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அந்தக் கணினி என்ன சொல்லும் என்று நினைத்தேன். மாத்தளனில் எத்தனை நாள் இருந்தீர்கள், எத்தனை பேரைப் புதைத்தீர்கள் என்று ஒரு கட்டம் எந்த அட்டையிலும் இல்லை. சேர்த்தால் கணிப்புத் துல்லியமாகுமா என்பதைத் தரவு இருந்தால் சோதிக்கலாம். எங்கள் தரவு அம்மாவின் சொப்பின் பைக்குள் கரைந்துபோனது.

அட்டைகளும் நிலையானவை அல்ல. அமெரிக்க இதயச் சங்கம் 2023 இல் ‘பிரிவென்ட்’ என்ற புதிய சமன்பாட்டைக் கொண்டுவந்து, அதிலிருந்து இனம் என்ற கட்டத்தையே எடுத்துவிட்டது. பழைய எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு இந்தப் புதிய கணக்கைப் போட்டால் அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு கொலஸ்ரோல் குளிசை தேவையில்லாமல் போகும் என்று அடுத்த வருடமே கணித்தார்கள். அவர்களுடைய குழாயில் ஒன்றும் மாறவில்லை. கணக்கு மாறியது. ஒரு கோடி வெட்டு! எங்கள் பிரதேச செயலகத்துக்கு முன்னால் என்றால் வரிசை கொக்கிளாய் வரைக்கும் நீளும்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசி. கந்தசஷ்டி. அம்மா ஆறு நாளும் விரதம். பகலில் இளநீர், இரவில் பாலும் பழமும். சீனிக்கு அப்போது காலையில் கிளிபென்கிளமைட் என்ற குளிசை போட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்குரிய குளிசைகளைப் பெட்டியில் நாள்வாரியாக அடுக்கி வைப்பவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அடுக்கினேன். விரதம் என்பது எனக்குத் தெரியும். தேங்காய் வெட்டி இளநீர் கொடுத்ததே நான்தான். கிளிபென்கிளமைட் என்ன செய்யும் என்பதும் தெரியும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கும். அதன் மிச்சம் சிறுநீரகம் வழியாகப் போவதால் வயதானவர்களின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். இரண்டும் என் தலைக்குள்ளேயே இருந்தன. ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் கிணற்றடியில் விழுந்துவிட்டார். பக்கத்து வளவு மாமி ஓடிவந்து, வாய் குழறுவதைப் பார்த்துப் பாரிசவாதம் என்று கத்தினார். ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விரலில் குத்திப் பார்த்தால் சீனி 41 க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியவுடன் கண் திறந்தார். உடனே வீட்டுக்கு விடவில்லை. இந்தக் குளிசையின் குணம் தெரிந்தவர்கள் விட மாட்டார்கள். ஏறிய சீனி சில மணித்தியாலத்தில் மறுபடி விழும். இரவு முழுவதும் சேலைன் போத்தலின் கீழே இருந்தார். கண் திறந்ததும் முதலில் கேட்டது, “விரதம் முறிந்துபோச்சா?”

அப்போதுதான் நான் ‘அக்கோர்ட்’ ஆய்வைத் திரும்ப எடுத்து வாசித்தேன். படிக்கும் காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கியது. சீனியை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 10,251 பேரில் பாதிப் பேருக்கு மிகக் கடுமையாக இறக்கிப் பார்த்தார்கள். 2008 இல் அந்தப் பகுதியை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. கடுமையாக இறக்கிய பக்கத்தில் 257 மரணம், வழமையான பக்கத்தில் 203. அதற்குப் பிறகுதான் முதியவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள் என்ற பேச்சு உரத்து வந்தது. பியர்ஸ் பட்டியலிலும் கிளிபென்கிளமைட் தவிர்க்க வேண்டிய வரிசையில் இருக்கிறது. எல்லாம் அச்சில் இருந்தது. அச்சிலிருந்து கிணற்றடிக்கு வழியில்லாமல் இருந்தது.

என்னோடு வேலை செய்பவர் தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம். றமழானுக்கு முந்திய மாதம் சீனிக்குளிசை வாங்க வரும் தங்கள் ஆட்களை அவர் நிறுத்தி வைத்துக் கேட்பார்: நோன்பு பிடிப்பீர்களா, டொக்டரிடம் சொன்னீர்களா, போன வருடம் மயக்கம் வந்ததா? இது அவருடைய சொந்தக் கெட்டித்தனம் மட்டுமல்ல. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் றமழான் நோன்புக்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 2021 இல் வந்த பதிப்பில் புள்ளி போட்டு இடரைக் கணிக்கும் அட்டவணைகூட இருக்கிறது: என்ன மருந்து, சிறுநீரகம் எப்படி, முந்திய நோன்பு எப்படிப் போனது, என்ன வேலை செய்கிறார். நோன்பு பிடிப்பவர்களிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள், அவர்கள் ஆய்வு செய்தார்கள், அட்டவணை வந்தது. கந்தசஷ்டிக்கு அப்படியொன்றை நான் கண்டதில்லை. இப்போது ஐப்பசி பிறந்தால் நானும் கம்பிக்குள்ளே இருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறேன். “சஷ்டி பிடிப்பீர்களா அம்மா?” சிலர் சந்தோஷப்படுகிறார்கள். சிலர், “ஏன் தம்பி, குளிசையை வெட்டப் போகிறீர்களா?” என்கிறார்கள்.

நோக்குளிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். காலபோக அரிவி முடிந்ததும் முழங்கால் நோவோடு வரும் முக்கால்வாசிப் பேர் ஏதாவதொரு கடையில் துண்டில்லாமல் டைக்குளோபெனக் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பிறஷருக்கு லொசாட்டனும், நீர் பிரிய ஒரு குளிசையும் ஏற்கெனவே போடுபவருக்கு இது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்து இடி. 2013 இல் பிரித்தானியாவில் 4,87,372 பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், மூன்றும் சேர்ந்தபோது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 வீதம் கூடியது; முதல் மாதத்தில் 82 வீதம். வவுனியாவுக்குத் தெற்கேயும் கிழக்கேயும் மதவாச்சி, பதவியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த நோயில் சிறுநீரில் புரதம் அதிகம் போவதில்லை. உலகமெங்கும் பயன்படும் சிறுநீரகச் செயலிழப்புக் கணிப்பு நான்கு விடயங்களைக் கேட்கிறது, அதில் ஒன்று சிறுநீரில் போகும் அல்புமின் என்ற புரதம். போகாத இடத்தில் அது என்ன கணிக்கும்? இதைக் கம்பிக்குப் பின்னால் நிற்பவனின் சந்தேகமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை, கார்டு கார்டாக வெட்டிக் கொடுக்கிறார்.

எங்களை எண்ணாத ஆய்வுகளைப் பற்றியே புலம்பிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. இலங்கையிலேயே நடந்த ஒன்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ‘டிரயம்ப்’ என்ற பெயர். மூன்று பிறஷர் மருந்துகளைச் சிறிய அளவில் ஒரே குளிசைக்குள் சேர்த்து 700 பேரில் சோதித்தார்கள். 2018 இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் அந்த ஒரு குளிசைக்காரர்களில் 70 வீதமானோரின் பிறஷர் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் 55 வீதம். அந்த 700 பேரும் நகரத்து வைத்தியசாலைக் கிளினிக்குகளுக்கு வந்தவர்கள் என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று 2020 இல் வந்தது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் முப்பது கிராமப்புறங்களில் 2,645 பேர். புது மருந்து எதுவும் இல்லை. ஊர்ச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் பிறஷர் அளந்து, பேசி, தேவைப்பட்டவரை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் பிறஷரின் மேல் அளவு, மற்றக் கிராமங்களைவிட 5.2 புள்ளி கூடுதலாக இறங்கியது. படலையைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்ததற்கு ஐந்து புள்ளி. அலுமாரியில் உள்ள சில குளிசைகள் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

மூன்றை ஒன்றாக்கிய குளிசையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். பஸ்ஸில் போய்வர அரை நாள், மருந்து தட்டுப்பட்ட 2022 இல் துண்டோடு பாமசி பாமசியாக ஏறி இறங்கிய அலைச்சல் எல்லாம் நினைவிருக்கிறதே, ஒன்று என்றால் சுகம்தானே என்றேன்.

“மூன்று தந்த இடத்தில் ஒன்றா?” என்றார்.

போன கிழமை அலுமாரி மேல்தட்டில் மின்குமிழ் தேடும்போது ஒரு பழைய மலிபன் பிஸ்கட் டின் கைபட்டது. கிலுகிலுத்தது. திறந்தால் அஸ்பிரின். பதினைந்து வருடமாக மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று மிச்சம் பிடித்துச் சேர்த்தது. சில பைக்கற்றுகளில் திகதி அழிந்திருந்தது, சில குளிசைகள் உமிபோல உதிர்ந்து வினாகிரி மணம் அடித்தன. அஸ்பிரின் ஈரம் பட்டால் அப்படித்தான் மணக்கும். கீழே சொப்பின் பைக்குள் காணி உறுதி.

அம்மா வாசலில் நின்றார். எறியப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“நான் போடவில்லை, தம்பி,” என்றார். “டொக்டர் சொன்ன நாளிலிருந்து ஒன்றும் போடவில்லை. அது இருக்கட்டும்.”

கெட்டுப்போனவற்றை மட்டும் பிரித்தெடுத்தேன். மிச்சத்தை அம்மா கேட்டுக்கொண்டபடி அவர் முன்னாலேயே எண்ணினேன். நாற்பத்தொன்று. டின்னை மூடி, உறுதிக்கு மேலே வைத்தேன்.